1985-இல் மண்டபத்தில் பிறந்தவருக்குப் பாஸ்போர்ட் மறுப்பு: மேல்முறையீடா, ரிட் மனுவா?

கேள்வி: முகாம்வாசி

அனைவருக்கும் வணக்கம். என் பெற்றோர் 1984 ஆகஸ்டில் மன்னாரிலிருந்து படகில் வந்து, மண்டபம் முகாமில் பதிவு செய்துகொண்டவர்கள். நான் 1985 பிப்ரவரியில் இராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் பிறந்தேன். பிறப்புச் சான்றிதழும் தமிழ்நாட்டிலேயே படித்த பள்ளிச் சான்றிதழ்களும் என்னிடம் உள்ளன. இப்போது தென் மாவட்டம் ஒன்றில் உள்ள மறுவாழ்வு முகாமில் கணவருடனும் இரண்டு பிள்ளைகளுடனும் வசிக்கிறேன். என் கணவர் 1990-இல், சிறுவனாக இருந்தபோது, தம் பெற்றோருடன் படகில் வந்தவர்.

1987 ஜூலைக்கு முன் இந்தியாவில் பிறந்தவர்கள் பிறப்பாலேயே குடிமக்கள் என்று கேள்விப்பட்டு, சில மாதங்களுக்கு முன் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தேன். காவல்துறையின் உளவு அமைப்பான கியூ பிரிவிலிருந்து வந்து விசாரித்தார்கள். பத்தொன்பது நாட்களுக்கு முன் எனக்கு ஒரு கடிதம் வந்தது. காவல்துறை அறிக்கை பாதகமாக இருப்பதாலும், நான் இலங்கை அகதியாகப் பதிவு பெற்றிருப்பதாலும் விண்ணப்பம் 'மூடப்படுகிறது' என்பதே அதன் சாரம். நேரில் சென்று கேட்டபோது, இலங்கைத் துணைத் தூதரகத்தை அணுகும்படி கூறினார்கள். நான் ஒருமுறைகூடக் கண்ணால் பார்த்திராத நாட்டின் தூதரகத்தில் எதைச் சொல்லிக் கேட்பது என்று எனக்கு விளங்கவில்லை.

இதற்கிடையில் ஒரு தரகர், நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்தால் 'முகாம் என்ற பேச்சே வராமல்' வேறு முகவரியில் பாஸ்போர்ட் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். வழக்குத் தொடுத்தால் மாதப் பணக்கொடையும் முகாம் வீடும் போய்விடும் என்று அக்கம்பக்கத்தினர் அச்சுறுத்துகிறார்கள். செவிலியர் படிப்பை முடித்திருக்கும் என் மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைக்கும் வாய்ப்பு உள்ளது. அவளுக்கும் பாஸ்போர்ட் வேண்டும் என்பதால்தான் இதில் இறங்கினேன். அவள் 2004 ஆகஸ்டில் பிறந்தவள். மகன் பிறந்தது 2008-இல். இன்னும் சில மாதங்களில் அவனுக்கு 18 வயது நிறைகிறது. நான் மேல்முறையீடு செய்ய வேண்டுமா, நேரடியாக உயர் நீதிமன்றம் செல்ல வேண்டுமா? வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத நிலையில் யாரை அணுகுவது?

பதில்: மதுரை வழக்கறிஞர்

சகோதரி, முதலில் தரகரை விட்டுவிடுங்கள். உங்கள் பக்கம் சட்டம் உறுதியாக நிற்கிறது. பொய் முகவரியோடு ஒரு விண்ணப்பம் போட்டால் பாஸ்போர்ட் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி குற்றமாகிவிடும். அதன்பின் நியாயமான கோரிக்கைக்காக நீங்கள் நீதிமன்றப் படியேறும்போதும் அந்தப் பொய்தான் முதலில் எதிரே வந்து நிற்கும்.

1955-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு மூன்று காலகட்டங்களைப் பிரித்துக் காட்டுகிறது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்புவரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் யாராக இருந்தாலும், எந்த வழியில் வந்திருந்தாலும், பிறப்பால் குடிமகன். வெளிநாட்டுத் தூதர்களின் பிள்ளைகள், பகைநாட்டவரின் பிள்ளைகள் போன்ற மிகச் சில விலக்குகள் மட்டுமே உண்டு. அவை உங்களுக்குப் பொருந்தா. 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்புவரை பிறந்தவர்களுக்குத் தாய் அல்லது தந்தை, இருவரில் ஒருவர் குடிமகனாக இருந்தால் போதும். அதன்பின் பிறந்தவர்களுக்கு இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும், அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். முதல் வாசலை மூடிய 1986-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் நோக்க அறிக்கையிலேயே வங்கதேசத்துடன் இலங்கையின் பெயரும் இடம்பெற்றிருந்தது. ஈழத்திலிருந்து வந்தோரையும் மனத்தில் வைத்துத்தான் கதவு சாத்தப்பட்டது என்றாலும், சாத்துவதற்கு முன் உள்ளே பிறந்துவிட்ட உங்களைப் போன்றோரின் உரிமையை அந்தத் திருத்தம் தொடவில்லை.

இது வெறும் வாதமன்று. 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு, உங்களுக்கு மறுக்கப்பட்டதைப் போலவே பாஸ்போர்ட் மறுக்கப்பட்ட வழக்கில், 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் அவர் பிறப்பால் இந்தியக் குடிமகளே என்று கூறி, பாஸ்போர்ட் வழங்க உத்தரவிட்டார். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்ததும் செய்தித்தாள்களில் வந்தது. உங்கள் வழக்கின் உண்மைகள் அந்த வழக்கை அப்படியே ஒத்திருக்கின்றன.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடிதத்தில் 'மறுக்கப்படுகிறது' என்று இல்லாமல் 'மூடப்படுகிறது' என்று இருப்பதைக் கவனித்தீர்களா? மறுப்பதென்றால் பாஸ்போர்ட் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்றை, உங்கள் விஷயத்தில் 'விண்ணப்பதாரர் இந்தியக் குடிமகன் அல்லர்' என்பதை, எழுத்தில் சுட்டிக்காட்ட வேண்டும். 5-ஆம் பிரிவின்படி காரணங்களைப் பதிவு செய்து, கேட்டால் நகலும் தர வேண்டும். 'மூடுதல்' என்ற சொல்லால் அந்தக் கடமையிலிருந்து நழுவிவிடுகிறார்கள். மேல்முறையீடு எதன் மீது செய்வது என்ற குழப்பமும் நமக்கு வந்து சேர்கிறது. ஆகவே இன்றே பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி, காரணம் கூறும் ஆணையின் நகலைக் கேளுங்கள். அதன் பதிலுக்காகக் காத்திராமல், கையிலுள்ள கடிதத்தையே மறுப்பு ஆணையாகக் கொண்டு 11-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீட்டை அனுப்பிவிடுங்கள். அதற்குரிய காலவரம்பு 30 நாட்கள். கணக்குப்படி உங்களுக்கு இன்னும் பதினொரு நாட்களே இருக்கின்றன. தாமதத்துக்குத் தகுந்த காரணம் இருந்தால் ஏற்றுக்கொள்ளச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் கையில் நாள் இருக்கும்போது அந்தச் சலுகையை நம்பி உட்காரக் கூடாது.

மேல்முறையீடு செய்யாமல் அரசியலமைப்பின் 226-ஆம் உறுப்பின்கீழ் ரிட் மனு (அரசு அதிகாரியின் முடிவை எதிர்த்து நேரடியாக உயர் நீதிமன்றத்தில் கொடுக்கும் மனு) போட்டால், மாற்று வழி இருக்கிறதே என்று அரசு வழக்கறிஞர் எதிர்ப்பார். இயற்கை நீதி மீறப்பட்ட இடத்திலும், அடிப்படை உரிமை பாதிக்கப்பட்ட இடத்திலும் மாற்று வழி ஒரு தடையன்று என்பது உச்ச நீதிமன்றம் பலமுறை சொன்ன நிலைப்பாடு. உங்களை அழைத்து விளக்கம் கேட்காமலேயே முடிவெடுத்திருக்கிறார்கள். பாஸ்போர்ட் விஷயத்தில் ஒருவரின் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்பதோ 1978-இன் மேனகா காந்தி தீர்ப்பிலிருந்தே நிலைபெற்றது. ஆகவே ரிட் மனு நிற்கும். இருந்தும், மேல்முறையீட்டை அனுப்பிய அஞ்சல் ரசீதோடு நீதிமன்றம் போவதே எனக்குப் பிடித்த வழி. மேல்முறையீட்டில் பதில் வராமல் நாட்கள் கழிந்தால், அந்த மௌனமும் நம் பக்கத்துக்கு ஒரு சான்றாகிவிடும்.

பணம் குறித்துக் கவலைப்பட வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் பெண்கள் அனைவருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. அங்கே 'குடிமகன்' என்ற சொல் இல்லை, 'ஒவ்வொரு நபரும்' என்றே இருக்கிறது. முகாமைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பினால் இதை எடுத்துச் சொல்லுங்கள். வட்டச் சட்டப் பணிகள் குழுவிலோ மாவட்ட ஆணைக்குழுவிலோ மனு கொடுத்தால், ரிட் மனுவுக்காக மதுரைக் கிளையில் உள்ள உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்கு அனுப்பிவைப்பார்கள். தேசிய உதவி எண் 15100.

பதில்: ஓய்வுபெற்ற வருவாய் ஆய்வாளர்

வழக்கறிஞர் சட்டத்தைச் சொல்லிவிட்டார். நான் காகிதங்களைப் பற்றிச் சொல்கிறேன். முகாம் பதிவேடுகளோடு பல ஆண்டுகள் பழகியவன் என்பதால் சில விஷயங்கள் தெரியும்.

அம்மா, அகதியாகப் பதிவு பெற்றிருக்கிறீர்கள் என்பதையே காரணமாகக் காட்டி உங்கள் விண்ணப்பத்தை மூடியிருக்கிறார்கள். ஆனால் உங்களிடம் உள்ள சான்றுகளில் மிக வலிமையானது அந்தப் பதிவுதான். உங்கள் தாயார் 1984 ஆகஸ்டிலேயே மண்டபத்தில் இருந்தார் என்று அரசின் பதிவேடே சொல்கிறது. அங்கிருந்து ஆறு மாதத்தில், முப்பத்தைந்து கிலோமீட்டர் தொலைவிலுள்ள மருத்துவமனையில் நீங்கள் பிறந்ததாக இன்னொரு அரசுப் பதிவேடு சொல்கிறது. இரண்டையும் அருகருகே வைத்தால், 'இந்தப் பிறப்புச் சான்றிதழ் பின்னாளில் வாங்கப்பட்டது' என்று யாரும் சொல்ல முடியாது. பலர் முகாம் அட்டையை ஒளித்துவைத்துக்கொண்டு பிறப்புச் சான்றிதழை மட்டும் நீட்டுகிறார்கள். அதிகாரிக்குச் சந்தேகம் பிறப்பதே அங்கேதான். ஒருவர் அயல்நாட்டவரா என்ற கேள்வி எழுந்தால், அல்லர் என்று காட்டும் சுமை அவர் மீதே விழும் என்பது 1946-ஆம் ஆண்டு அயல்நாட்டவர் சட்டத்திலும் இருந்தது, அதன் இடத்துக்கு வந்த 2025-ஆம் ஆண்டுக் குடியேற்றம், அயல்நாட்டவர் சட்டத்திலும் இருக்கிறது. எனவே காகிதம் எவ்வளவு இருந்தாலும் மிகையாகாது.

பெற்றோரின் முதல் பதிவின் சான்றிட்ட நகலை முகாம் தனி வட்டாட்சியர் வழியாகவோ ஆட்சியர் அலுவலகம் வழியாகவோ எழுத்தில் கேளுங்கள். மருத்துவமனையின் பிரசவப் பதிவேட்டுப் பகுதியையும் கேளுங்கள். பழைய பேரேடுகள் கரையானுக்கு இரையாகிப் போன இடங்களும் உண்டு என்றாலும், கேட்டுப் பார்ப்பதில் இழப்பில்லை. முதல் வகுப்புச் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த இடம் எழுதப்பட்டிருந்தால் அதன் நகலும் உதவும்.

எழுத்துப் பிழைகளைப் பாருங்கள். ஈழத்தில் 'இராசம்மா' என்று எழுதப்பட்ட பெயர் முகாம் அட்டையில் 'ராஜம்மா' ஆகியிருக்கும், பள்ளியில் வேறொன்றாகியிருக்கும். இத்தகைய வேறுபாடுகளுக்கு ஒரு உறுதிமொழிப் பத்திரம் பெரும்பாலும் போதும். பிறப்புச் சான்றிதழிலேயே பிழை என்றால், பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவின்கீழ் பதிவாளரிடம் திருத்தம் கோரலாம். ஆனால் வழக்கு நடக்கும் வேளையில் திருத்தினால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும் என்பதால், வழக்கறிஞரைக் கேட்காமல் எதையும் திருத்த வேண்டாம்.

பணக்கொடை பற்றிய அச்சத்தைப் பொறுத்தவரை, அது தலைக்கு இவ்வளவு என்றுதான் வழங்கப்படுகிறது. 2021 அறிவிப்பின்படி குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாய், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாய், பிள்ளைகளுக்கு 500 ரூபாய். உங்கள் தலைக்கு வரும் ஆயிரம் ரூபாயை ஒரு நாள் இழக்க நேரலாம். அதற்காகப் பிள்ளையின் எதிர்காலத்தை முடக்க வேண்டுமா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை நீங்களாகப் போய் முகாம் பதிவை ஒப்படைத்துவிடாதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

பதில்: திருச்சி வாசகர்

என் அக்காவுக்காக இதே பாதையில் நடந்தவன் என்ற முறையில் ஒன்றைக் கேட்க வேண்டும். எங்கள் வழக்கில் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தபோது, 'இலங்கைக் குடியுரிமை பெற்றீர்களா?' என்ற கேள்வியில் வந்து நின்றது. நாடு திரும்பலாம் என்ற எண்ணத்தில் பல பெற்றோர் சென்னையிலுள்ள துணைத் தூதரகத்தில் பிள்ளைகளின் பிறப்பைப் பதிவு செய்து, குடியுரிமைச் சான்றிதழ் வாங்கி வைத்திருக்கிறார்கள். உங்களுக்கும் அப்படி ஏதாவது இருக்கிறதா? இருந்தால் அதை வழக்கறிஞரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்: முகாம்வாசி

மூவருக்கும் நன்றி. திருச்சி நண்பர் கேட்டதும் அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். அப்பா 1998-இல், எனக்குப் பதின்மூன்று வயதாக இருந்தபோது, எனக்கு அத்தகைய சான்றிதழ் ஒன்றை வாங்கியிருக்கிறார். இலங்கைப் பாஸ்போர்ட் எதுவும் எடுக்கவில்லை. நான் எங்கும் கையெழுத்திட்டதும் இல்லை. ஆனால் முகாம் கணக்கெடுப்புப் படிவங்களில் 'நாட்டுரிமை: இலங்கை' என்று பலமுறை எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறேன். இவற்றால் எல்லாம் கெட்டுப்போனதா? என் பிள்ளைகளின் நிலையையும் தயவுசெய்து விளக்க வேண்டும்.

பதில்: மதுரை வழக்கறிஞர்

கெட்டுப்போகவில்லை, ஆனால் திருச்சி நண்பர் கேட்டது மிக நல்ல கேள்வி.

கணக்கெடுப்புப் படிவத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். பிறப்பால் வந்த குடியுரிமை, ஒருவர் தன்னைத் தவறாக வருணித்துக்கொண்டதால் போய்விடாது. முறைப்படி துறந்தால் போகும், வேறு நாட்டுக் குடியுரிமையைத் தானாக விரும்பிப் பெற்றால் குடியுரிமைச் சட்டத்தின் 9-ஆம் பிரிவின்படி போகும். சான்றிதழைப் பொறுத்தவரை, 'தானாக விரும்பி' என்ற சொற்கள்தான் நமக்குக் கேடயம். பதின்மூன்று வயதுச் சிறுமிக்காகத் தந்தை செய்த பதிவு, அந்தச் சிறுமி விரும்பிப் பெற்றதாகாது என்பதே நம் வாதமாக இருக்கும். வேறு நாட்டுப் பாஸ்போர்ட் எடுத்திருந்தால் அது அந்நாட்டுக் குடியுரிமையை விரும்பிப் பெற்றதற்கு முடிவான சான்றாகக் கொள்ளப்படும் என்று குடியுரிமை விதிகள் கூறுகின்றன. நீங்கள் எடுக்கவில்லை என்பது பெரிய நிம்மதி. மேலும், ஒருவர் அயல்நாட்டுக் குடியுரிமை பெற்றாரா என்பதை 9-ஆம் பிரிவின்படி மத்திய அரசு உரிய விசாரணை நடத்தித் தீர்மானிக்க வேண்டும். பாஸ்போர்ட் அலுவலர் தம் மேசையில் அமர்ந்தபடி முடிவு கட்ட முடியாது. சான்றிதழை மறைக்காமல், அது எந்த வயதில் யாரால் பெறப்பட்டது என்பதை மனுவோடு சேரும் உங்கள் உறுதிமொழிப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். இதை நாமே முதலில் சொன்னால் ஒரு பத்தியோடு முடியும். எதிர்த்தரப்பு கண்டுபிடித்துச் சொன்னால் நேர்மையைப் பற்றிய கேள்வியாக மாறிவிடும்.

உங்கள் மகள் 2004 ஆகஸ்டில் பிறந்திருக்கிறாள், அதாவது திருத்தம் நடைமுறைக்கு வந்த டிசம்பர் 3-க்கு நான்கு மாதங்களுக்கு முன். அவள் பிறந்தபோது தாயாகிய நீங்கள் குடிமகள் என்பதால், தந்தையின் நிலை எதுவாயினும் அவள் பிறப்பால் குடிமகள். ஆகவே ரிட் மனுவில் உங்களோடு அவளையும் மனுதாரராகச் சேர்க்கலாமா, அல்லது உங்களுக்குத் தீர்ப்பு வந்தபின் அதை இணைத்து அவள் தனியே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாமா என்று யோசிக்க வேண்டும். அவள் இன்னும் விண்ணப்பிக்கவே இல்லை என்பதால் அவளுக்கு எதிராக எந்த ஆணையும் இல்லை. எனவே இரண்டாவது வழியே தூய்மையானது என்பது என் கருத்து.

மகன் விஷயம்தான் கடினம். ஒரே தாய்க்கும் ஒரே தந்தைக்கும் ஒரே முகாமில் பிறந்த இரு பிள்ளைகளில் ஒருத்தி குடிமகள், மற்றவன் அல்லன் என்பதை முகாம் குடும்பங்களுக்கு விளக்கும்போதெல்லாம் எனக்கே வாய் கூசுகிறது. 2008-இல் பிறந்தவனுக்குத் தாய் குடிமகளாக இருந்தாலும், தந்தை சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது என்கிறது சட்டம். உரிய ஆவணமின்றி 1990-இல் படகில் வந்த உங்கள் கணவரை அந்த வரையறைக்குள்தான் வைக்கிறார்கள். 2015 ஜனவரி 9-ஆம் தேதி வரை வந்து தஞ்சமடைந்து பதிவு பெற்ற இலங்கைத் தமிழர்களுக்கு, பாஸ்போர்ட், விசா இல்லாமைக்கான தண்டனை நடவடிக்கைகளிலிருந்து 2025-இல் மத்திய அரசு விலக்கு அளித்தது. உங்கள் கணவருக்கு அது நல்ல பாதுகாப்பு. ஆனால் குடியுரிமைச் சட்டத்தின் வரையறையை அது மாற்றிவிட்டதாகச் சொல்ல முடியாது. அந்தச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்திலோ (சி.ஏ.ஏ.) இலங்கை சேர்க்கப்படவே இல்லை.

அவனுக்குத் திறந்திருக்கும் கதவு குடியுரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு. குடிமக்களின் வயது நிரம்பாத பிள்ளைகளைப் பதிவு செய்யும் உட்பிரிவுக்குப் பெற்றோர் இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும் என்றே அமைச்சகம் பொருள் கொள்கிறது. ஆனால் அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு, சிறப்புச் சூழ்நிலைகள் இருப்பதாக மத்திய அரசு கருதினால் வயது நிரம்பாத எவரையும் குடிமகனாகப் பதிவு செய்யலாம் என்கிறது. தாயும் தமக்கையும் பிறப்பால் குடிமக்கள், பிறந்தது முதல் இந்த மண்ணை விட்டு வெளியே போனதில்லை என்பதைவிடச் சிறப்பான சூழ்நிலை வேறென்ன இருக்க முடியும்? 18 வயது நிறைந்ததும் இந்த வழி அடைபட்டுவிடும். எனவே உங்கள் வழக்கின் முடிவுக்குக் காத்திராமல், இப்போதே இணையத்தில் விண்ணப்பத்தைப் பதிவு செய்து, ஆட்சியர் அலுவலகத்தில் ஒப்படைத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். முடிவு தாமதமானால், விண்ணப்பித்த நாளில் அவன் வயது நிரம்பாதவன் என்பதைக் கொண்டு நீதிமன்றத்தில் வாதாடலாம். 1993-இல் திருச்சியில் பிறந்த ஒரு பெண்ணின் குடியுரிமை விண்ணப்பத்தை மத்திய அரசுக்கு அனுப்பி முடிவெடுக்கும்படி 2022 அக்டோபரில் மதுரைக் கிளை ஆணையிட்டது இங்கே துணைக்கு வரும்; ஆனால் அது 'பரிசீலியுங்கள்' என்ற ஆணையே தவிர, 'வழங்குங்கள்' என்ற ஆணை அன்று. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டே எதிர்பார்ப்பை வளர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்: முகாம்வாசி

நடந்ததைப் பதிவு செய்கிறேன். காரணம் கூறும் ஆணை கேட்டு எழுதிய கடிதத்தையும் மேல்முறையீட்டையும் இருபத்து மூன்றாம் நாளில் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். வட்டச் சட்டப் பணிகள் குழுவில் முதலில் தயங்கினார்கள். 'ஒவ்வொரு நபரும்' என்ற சொல்லைச் சுட்டிக்காட்டிய பிறகு மனுவை வாங்கிக்கொண்டு, மதுரைக்கு அனுப்புவதாகச் சொன்னார்கள். மகனின் விண்ணப்பத்துக்கு ஆட்சியர் அலுவலகத்தில் ஒப்புகை கிடைத்துவிட்டது. மருத்துவமனையில் 1985-ஆம் ஆண்டுப் பிரசவப் பேரேட்டின் அட்டை பிய்ந்திருந்தாலும் பிப்ரவரிப் பக்கங்கள் இருக்கின்றன. அம்மாவின் பெயருக்கு எதிரே முகவரியாக 'மண்டபம் முகாம்' என்றே எழுதியிருக்கிறார்கள். சான்றிட்ட நகலுக்குக் கட்டணம் செலுத்தியிருக்கிறேன்; திங்கட்கிழமை வந்து பெற்றுக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள்.